விமான மைல்களைக் காசு கொடுத்து வாங்கலாமா? மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு

விமான நிறுவனங்கள் தங்கள் மைல் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்கில் ஏற்றும் புள்ளிதான் மைல்; போதுமான அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். "இன்றிரவு வரை மட்டும், வாங்கும் மைலுக்கு நூறு சதவீத போனஸ்" என்று விமான நிறுவனங்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்கள் நம் பக்கத்தில் கூடிக்கொண்டே போகிறார்கள். பலர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர். சிலர் கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாயின்ட் சேர்த்துவிட்டு, ஒரு டிக்கெட்டுக்கு இன்னும் சில ஆயிரம் குறைகிறதே என்று நிற்பவர்கள்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் டெல்லி, மும்பை, நியூயார்க் போன்ற ஊர்களில் ஏறுகிறவர்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே வீட்டிலிருந்து டாக்சி பிடித்தால் எந்த நிறுவனத்தின் விமானத்திலும் ஏறிவிடலாம். மதுரைக்காரருக்கு அந்த வசதி இல்லை, அதனால் கணக்கும் வேறு.

எகானமி டிக்கெட்டுக்காக மைலை முழுசாக விலைக்கு வாங்குவது அநேகமாக எப்போதும் நஷ்டம். கையில் இருப்பதோடு சேர்த்துக் குறையை நிரப்புவதும், கண்ணால் பார்த்துவிட்ட ஒரு பிசினஸ் கிளாஸ் சீட்டுக்காக ஆஃபர் காலத்தில் வாங்குவதும் பல நேரம் லாபம். ஏன் என்பதற்கு அளவுகோல்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

மைலின் அடக்க விலை. விளம்பரத்தில் இருப்பது டாலர் விலை. நம் கார்டில் ஏறுவது வேறு. ஆயிரம் மைல் 35 டாலர், நூறு சதவீத போனஸ் என்று வைத்துக்கொள்வோம். 20,000 மைல் வாங்கினால் 40,000 கிடைக்கும். விலை 700 டாலர். கணக்குக்காக டாலர் 90 ரூபாய் என்றால் 63,000 ரூபாய். இதன் மேல் பெரும்பாலான இந்திய கார்டுகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் போடும்: 2,205 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி: 397 ரூபாய். மொத்தம் 65,602. ஒரு மைலுக்கு 1 ரூபாய் 64 காசு. போனஸ் இல்லாத நாளில் இதே மைல் 3 ரூபாய் 28 காசு. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு எண்களையே எடுத்துக்கொள்கிறோம். வாங்கப்போகும் நாளின் விலையைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மைல் மிச்சப்படுத்தும் தொகை. மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் உண்டு. காசு டிக்கெட்டின் விலையிலிருந்து அந்த வரியைக் கழித்து, தேவைப்படும் மைலால் வகுங்கள். வருவது அடக்க விலையைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே வாங்குவதைப் பற்றிப் பேச்சு.

இதில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. காசு விலை என்று எதை எழுதுவது? நான்கு லட்ச ரூபாய் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை மைலில் ஒன்றரை லட்சத்துக்கு எடுத்தால் இரண்டரை லட்சம் மிச்சம் என்று தோன்றும். மைல் என்ற ஒன்றே இல்லாவிட்டால் நீங்கள் எழுபதாயிரத்துக்கு எகானமியில்தான் போயிருப்பீர்கள் என்றால், மிச்சம் எதுவும் இல்லை. எண்பதாயிரம் கூடுதலாகச் செலவழித்து வசதியாகப் போகிறீர்கள். அது தவறான முடிவு இல்லை. முழங்கால் வலி உள்ள எழுபது வயது அம்மாவுக்குப் படுத்துக்கொண்டு போக எண்பதாயிரம் தகும். ஆனால் அதைச் செலவு என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

சீட் இருக்கிறதா. மைல் டிக்கெட்டுக்கென்று விமானத்தில் ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம். மே மாதப் பள்ளி விடுமுறை, டிசம்பர், பொங்கல் ஆகிய நாட்களில் அதுவும் கிடைப்பது அரிது.

ஊரிலிருந்து அந்த விமானம் வரை. மதுரைக்காரருக்கு இதுதான் முடிவைப் புரட்டிப் போடும் அளவுகோல்.

பயணத் திட்டம் மாறினால். மைல் வாங்கிய பணம் திரும்பி வராது. டிக்கெட்டை ரத்து செய்தால், அபராதம் போக, மைலாகத்தான் கணக்கில் வந்து உட்காரும். அந்த மைலின் மதிப்பைக் குறைக்கும் உரிமை விமான நிறுவனத்துக்கு உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது, அதில் மைல் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஏறுவதற்கு அந்த நிறுவனத்தின் விமானமே இல்லாமல் போனது.

## மதுரை விமான நிலையம் எங்கே இடிக்கிறது

மைலை விற்கும் பெரிய திட்டங்கள் பெரும்பாலும் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் போன்ற கூட்டணிகளில் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் மைலை வாங்கி, கூட்டணியில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் போகலாம் என்பதுதான் இதன் பலமே.

மதுரையில் அந்தப் பலம் சுருங்கிவிடுகிறது. இங்கே அதிகமாகப் பறப்பது இண்டிகோ. அது இந்தப் பெரிய கூட்டணிகள் எதிலும் இல்லை. ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருந்தாலும், அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் சேர்த்தி இல்லை. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை இங்கே வராததற்குக் காரணம், அந்த நாடுகளோடு இந்தியா செய்திருக்கும் இருதரப்பு விமான ஒப்பந்தங்களில் மதுரை இடம்பெறாததுதான். தென்மாவட்ட வணிகர் சங்கங்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கோரிக்கை அது; நியாயமான கோரிக்கையும்கூட.

மிச்சமிருக்கும் ஒரு வாசல் கொழும்பு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருக்கிறது. அதனால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவற்றின் மைலான ஏவியோஸ் பாயின்டில் மதுரையிலிருந்தே ஏற வாய்ப்பு உண்டு. மதுரை-கொழும்பு வான்தூரம் சுமார் 350 கிலோமீட்டர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கூட்டாளி விமானங்களுக்குத் தூரத்தை வைத்துப் பாயின்ட் கேட்பதால், இவ்வளவு சின்னத் தூரம் அதன் மிகக் குறைந்த படியில் விழும். அங்கிருந்து சிங்கப்பூருக்கோ மெல்போர்னுக்கோ ஒரே டிக்கெட்டாகப் போட்டால், பெட்டியை மதுரையில் போட்டுவிட்டு இறங்கும் ஊரில் எடுத்துக்கொள்ளலாம்.

மற்றபடி சென்னை, கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு ஆகிய ஊர்களில்தான் மைல் சீட் கிடைக்கும். இரண்டு பெரியவர்கள் அமெரிக்காவுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். சர்வதேச டிக்கெட்டில் பல நிறுவனங்கள் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு தரும். இருவருக்கும் நான்கு பெட்டி, 92 கிலோ. மதுரையிலிருந்து சென்னை வரை தனி டிக்கெட் எடுத்தால் உள்நாட்டு எகானமியில் ஆளுக்கு 15 கிலோதான். மீதி 62 கிலோவுக்குக் கூடுதல் சுமைக் கட்டணம் கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே நடக்கும். அதனால் ரயில்தான் வழி: பாண்டியன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி டாக்சி பிடிப்பது. தாம்பரத்திலிருந்து விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது, ஆனால் நான்கு பெட்டியோடு அது முடியாது.

ரயில் தாமதமானால் பொறுப்பேற்க யாரும் இல்லை. மதுரையிலிருந்து நியூயார்க் வரை ஒரே காசு டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முந்தின நாளே போய்ச் சென்னையில் தங்கிவிடுவது நல்லது. ரயில், டாக்சி, அறை வாடகை எல்லாவற்றையும் மைல் டிக்கெட்டின் விலையோடு சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

## வழி 1: காசு டிக்கெட்

எகானமிக்கு இதுதான் முதல் தேர்வு. சென்னை-சிங்கப்பூர் போய்வர 22,000 ரூபாய் என்றும், மைலில் எடுத்தால் 40,000 மைலும் 6,000 ரூபாய் வரியும் என்றும் வைப்போம். 22,000-இல் 6,000 கழித்து 40,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 40 காசு. அதை 1 ரூபாய் 64 காசுக்கு வாங்கினால், 22,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 71,600 ரூபாய் கொடுத்ததாக ஆகும். திருச்சியிலிருந்து ஸ்கூட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் சிங்கப்பூருக்குப் பறக்கும்போது இதை யோசிக்கவே வேண்டாம்.

காசு டிக்கெட்டில் கணக்கில் எழுத மறந்துபோகும் இரண்டு வரவுகள் உண்டு. அந்தப் பயணத்துக்கே மைல் சேரும். தொழில் நிமித்தம் போகிறவருக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவும் (டிக்கெட்டில் கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) கிடைக்கலாம். பிசினஸ் கிளாஸுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் அது சின்னத் தொகை இல்லை. மேலூர் கிரானைட் ஏற்றுமதியாளர் ஒருவருக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தாவுக்கும் ஒரே பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வெவ்வேறு விலை ஆவது இதனால்தான்.

## வழி 2: ஆஃபரில் மைலை மொத்தமாக வாங்குவது

இது கைகொடுக்கும் இடம் பிசினஸ் கிளாஸும், ஒரு வழிப் பயணமும்.

ஒரு வழி பிசினஸ் கிளாஸ் காசு விலை 1,10,000. மைலில் 50,000 மைலும் 7,000 ரூபாய் வரியும். மைலின் மதிப்பு 2 ரூபாய் 6 காசு. ஆஃபரில் வாங்கினால் மைலுக்கு 82,000, வரி 7,000, மொத்தம் 89,000. மிச்சம் 21,000. சென்னைக்குப் போய்த் தங்கும் செலவைக் கழித்தாலும் லாபம்தான். ஆஃபர் இல்லாத நாளில் இதே சீட் 1,71,000 ஆகிவிடும்.

மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்குத் திரும்பும் தேதி தெரியாது. பல நிறுவனங்களில் ஒரு வழிக் காசு டிக்கெட், போய்வரும் டிக்கெட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மைலிலோ பெரும்பாலும் பாதிக்குப் பாதிதான். கடைசி நேரத்தில் தேதி மாற்றுவதும் மைல் டிக்கெட்டில் பல திட்டங்களில் மலிவு. இங்கே எகானமிக்குக்கூட ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எந்தத் திட்டத்தின் மைல் என்பதும் முக்கியம். ஏர் கனடாவின் ஏரோபிளான், கொலம்பியாவின் ஏவியான்கா நடத்தும் லைஃப்மைல்ஸ் ஆகிய இரண்டு திட்டங்களும் பொதுவாக எரிபொருள் கூடுதல் கட்டணத்தை நம்மிடம் வசூலிப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் சொந்த விமானத்தில் நீண்ட தூரம் போனால் அந்தக் கட்டணமே கணிசமாக வந்துவிடும். கட்டணப் பக்கம் வரை போய், கடைசி வரியில் என்ன தொகை கேட்கிறது என்று பார்க்காமல் எந்த மைலையும் வாங்கக் கூடாது.

"எப்போதாவது உதவும்" என்று வாங்கி வைப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கவும். மைலுக்கு வட்டி கிடையாது, காலாவதி உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் போய்விடும். ஏரோபிளானில் 18 மாதம் எந்த வரவுசெலவும் இல்லாவிட்டால் போய்விடும்.

## வழி 3: குறையை மட்டும் நிரப்புவது

மைல் விற்பனையில் நமக்கு அதிகம் பயன்படுவது இதுதான். 50,000 மைல் வேண்டும், 42,000 இருக்கிறது. குறையும் 8,000 மைலை ஆஃபர் இல்லாத விலையிலேயே வாங்கினாலும் 26,240 ரூபாய். கையில் இருக்கும் 42,000 மைலை ஒன்று 80 காசு என்று மதிப்பிட்டால் 33,600. வரி 7,000. மொத்தம் 66,840 ரூபாய்க்கு, 1,10,000 ரூபாய் சீட். மைல் விலை அதிகம் என்று தயங்க வேண்டியதில்லை.

இதே வேலையை எகானமிக்குச் செய்தால் கதை மாறிவிடும். 20,000 தேவை, 14,000 இருக்கிறது, 6,000 வாங்க 19,680 ரூபாய். டிக்கெட்டே 11,000-க்குக் கிடைக்கும்போது, வீணாகிவிடுமே என்ற பயத்தில் அதைச் செய்யக் கூடாது.

கிரிஸ்ஃபிளையரில் தேவையான மைலில் பாதியாவது உங்களிடம் இருந்தால்தான் மீதியை விற்பார்கள். வாங்கும் முன் இரண்டு இடங்களில் தேடிப் பாருங்கள்: குடும்பத்தில் வேறு யாரிடமாவது அதே திட்டத்தில் மைல் கிடந்து, சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா; உங்கள் கார்டின் பாயின்டை அந்தத் திட்டத்துக்கு மாற்ற முடியுமா.

## வழி 4: கிரெடிட் கார்டு பாயின்டை மாற்றுவது

பாயின்ட் இலவசம் என்று நினைப்பதால், இதன் அடக்க விலையை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கார்டில் ஒரு பாயின்டுக்கு 50 காசு மதிப்புள்ள கூப்பன் கிடைக்குமானால், ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றும் மைலின் விலை 50 காசு. விலைக்கு வாங்கும் மைலில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு பாயின்டுக்கு ஒரு மைல் என்றால் ஒரு ரூபாய், அப்போதும் மலிவு.

பாயின்டுக்காகச் செலவை இழுத்துவிடும்போதுதான் கணக்கு கெடுகிறது. தெற்காவணி மூல வீதியில் கல்யாண நகைக்கு ஐந்து லட்சத்தைக் கார்டில் கட்டுகிறீர்கள். கடை இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்கிறது: 10,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டு மைல் தரும் கார்டு என்றால் கிடைப்பது 10,000 மைல். மைலுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாயிற்று. நகைக்கடைச் செலவுக்குப் பாயின்டே தராத கார்டுகளும் இருக்கின்றன. அதில் 10,000 ரூபாயும் வீண். பில் போடும் முன்பே கார்டின் விதியைப் படித்துவிடுங்கள்.

மாற்றிய பாயின்ட் திரும்பி வராது. சில திட்டங்களுக்கு உடனே போய்ச் சேரும். சிலவற்றுக்கு நாட்கணக்கில் ஆகும். திடீர்ச் சாவு, ஆஸ்பத்திரி என்று ஓட வேண்டிய நேரத்துக்குக் கார்டில் பாயின்டாகவே வைத்திருப்பது பாதுகாப்பு. எந்த நிறுவனத்தில் சீட் இருக்கிறதோ அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பாதி விலைக்கு மைல் தருகிறேன் என்கிறவர்களை ஒரு வழியாகவே இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மைலை மூன்றாம் ஆளுக்கு விற்பது திட்டங்களின் விதிக்கு எதிரானது. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். அது பயணத்தின் பாதியிலும் நடக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | காசு டிக்கெட் | ஆஃபரில் மொத்தமாக | குறையை நிரப்புவது | கார்டு பாயின்ட் |
|---|---|---|---|---|
| மைலின் அடக்க விலை | இல்லை | நம் கணக்கில் 1.64 ரூபாய் | 3.28 ரூபாய் வரை | 50 காசு முதல் 1 ரூபாய் |
| மறைந்திருக்கும் செலவு | தேதி மாற்றும் அபராதம் | செலாவணிக் கட்டணம், காலாவதி | அதிக விலை | ஆண்டுக் கட்டணம், கடையின் கூடுதல் வசூல் |
| மதுரையிலிருந்தே ஏற | எளிது | கொழும்பு வழி மட்டும் | கொழும்பு வழி மட்டும் | திட்டத்தைப் பொறுத்து |
| ரத்தானால் | விதிப்படி பணம் | மைல்தான் | மைல்தான் | மைல்தான் |
| பொருந்தும் இடம் | எகானமி, குடும்பமாகப் போவது, விடுமுறைக் காலம் | பார்த்துவிட்ட பிசினஸ் சீட், ஒரு வழி | பிசினஸ் கிளாஸுக்குச் சில ஆயிரம் குறையும்போது | அவசரம், அடிக்கடி பயணம் |

## வாங்குவது என்று முடிவானால்

கணக்கு திறக்கும்போதே பெயரைச் சரியாகப் போடுங்கள். நம் ஊர்ப் பெயரில் சிக்கல் இன்ஷியலில் வரும். ஆதாரில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில், கார்டில் வெறும் முருகன் என்று மூன்று விதமாக இருக்கும். மைல் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், என்ன நிரப்ப வேண்டும் என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டே திறக்கவும். பிறகு திருத்துவதற்கு ஆவணம் அனுப்பிக் காத்திருக்க நேரும். பிள்ளையின் கணக்கிலிருந்து பெற்றோருக்கு எடுப்பதாக இருந்தால், கிரிஸ்ஃபிளையர் போன்ற திட்டங்களில் அவர்களை முன்கூட்டியே பயனாளியாகச் சேர்த்திருக்க வேண்டும். புதிதாகத் திறந்த கணக்கில் சில நாட்கள் மைல் வாங்க விடாத திட்டங்களும் உண்டு என்பதால், தேவைக்கு ஒரு மாதம் முன்பே திறந்துவிடுவது நல்லது.

அடுத்தது சீட். இணையப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டி, பதிவு செய்யப் போகும்போது இல்லை என்று சொல்லும் பொய்ச் சீட்டுகள் கூட்டாளி விமானங்களில் சகஜம். அதே விமானத்தை, அதே கூட்டணியின் இன்னொரு திட்டத்தின் தளத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால் ஓரளவு நம்பலாம். வாடிக்கையாளர் மையத்தில் கேட்டு உறுதி செய்தால் இன்னும் நல்லது.

பணம் கட்டும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்கவும். 2020 அக்டோபர் முதல், புதிதாகத் தரப்படும் கார்டுகளில் அது மூடியே வருகிறது. கட்டணம் தோற்றுப்போய் மூன்று முறை முயன்றால், விற்பவரின் மோசடித் தடுப்பு அமைப்பு உங்கள் கணக்கையே நிறுத்தி வைக்கலாம். செலாவணிக் கட்டணம் குறைந்த கார்டு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அதைப் பயன்படுத்துங்கள், கார்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் வங்கியில் உள்ளபடியே கொடுத்து. பல விமான நிறுவனங்களுக்காக மைலை விற்பது பாயின்ட்ஸ் என்ற கனடா நிறுவனம். அதனால் விமானச் செலவுக்குக் கார்டு தரும் கூடுதல் பாயின்ட் இதற்குக் கிடைக்காது.

மைல் சில நிமிடங்களில் வந்துவிடும் என்றாலும், இரண்டு மூன்று நாள் வரை இழுக்கலாம் என்று விதியில் எழுதியிருப்பார்கள். அதற்குள் சீட் போய்விட்டால் கையில் மைல் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே பக்கத்துத் தேதியிலோ கொச்சி வழியிலோ மாற்றுச் சீட் ஒன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சொன்ன நாளுக்குள் வரவில்லை என்றால், பரிவர்த்தனை எண்ணோடு மைலை விற்ற நிறுவனத்துக்கு எழுதுங்கள். கோபத்தில் வங்கிக்குப் போய் அந்தப் பணத்தைத் திருப்பச் சொல்லி முதலிலேயே புகார் கொடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கணக்கு முடக்கப்பட்டு, ஏற்கெனவே சேர்த்து வைத்த மைலும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.